சிவப்புத் தண்டுக்காக ஒரு புதர்: டாக்வுட் வளர்த்த அனுபவம்

கோடையில் நர்சரியில் பார்த்தால் ரெட் ட்விக் டாக்வுட் மேல் யாருடைய கண்ணும் நிற்காது. பச்சை இலை, நடுநடுவே தட்டையான வெள்ளைப் பூக்கொத்து, அவ்வளவுதான். பக்கத்தில் ஹைட்ரேஞ்சியா பூத்துக் குலுங்கினால் கை அந்தப் பக்கம்தான் போகும். இலையெல்லாம் உதிர்ந்து, தோட்டம் முழுக்கப் பழுப்பும் சாம்பலுமாக மாறிய பிறகு இதே புதரைப் பாருங்கள். தூரிலிருந்து கொத்தாகக் கிளம்பும் குச்சிகள் அத்தனையும் ரத்தச் சிவப்பில் நிமிர்ந்து நிற்கும். பனி விழுந்துவிட்டால் இன்னும் பளிச்சென்று தெரியும். நீளமான குளிர்காலத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு நிறம் வேண்டும் என்றுதான் இதை வைத்தேன்.

சில வருஷம் வளர்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: இந்தச் சிவப்பைத் தருவது கவாத்துதான். நல்ல ரகம், நல்ல மண், வெயில் எல்லாம் வேண்டும், சரி. ஆனால் வெட்டத் தயங்குகிறவர் தோட்டத்தில் இது மெல்ல மெல்லச் சாம்பல் நிறப் புதராகிவிடும். அதனால் இந்தப் பதிவில் கவாத்துக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில், எந்தச் செடி என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். ரெட் ட்விக் டாக்வுட் என்ற பெயரில் பெரும்பாலும் விற்பது இரண்டு இனங்கள். கார்னஸ் செரிசியா வட அமெரிக்காவுக்குச் சொந்தமானது. அலாஸ்காவிலிருந்து நியூஃபவுண்ட்லாந்து வரை ஆற்றங்கரைகளிலும் சதுப்பு ஓரங்களிலும் தானாகவே வளர்கிறது. கார்னஸ் ஆல்பா சைபீரியா, வட சீனா, கொரியா பக்கத்துச் செடி. தோட்டத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். ஒன்றுக்குச் செய்யும் கவாத்து மற்றதற்கும் பொருந்தும். இவை தவிர ஐரோப்பாவின் கார்னஸ் சாங்குயினியா இருக்கிறது. அதில் வந்த ‘மிட்வின்டர் ஃபயர்’ ரகம் மஞ்சளில் தொடங்கி நுனியில் ஆரஞ்சும் சிவப்புமாகப் போகும். அழகுதான், ஆனால் வேர்க்கன்றுகளை நிறைய விடும், சின்னத் தோட்டத்தில் யோசித்துத்தான் வைக்க வேண்டும். நம் ஊர்க் காடுகளில் இருக்கும் அழிஞ்சில் மரமும் இதே கார்னேசியே குடும்பம்தான் என்று படித்தபோது எனக்கு இந்தச் செடியின் மேல் ஒரு ஒட்டுதல் வந்தது.

கையில் இருப்பது டாக்வுட்தானா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஓர் இலையைக் குறுக்கே கிழித்து, இரண்டு பாதியையும் மெதுவாக விலக்குங்கள். நரம்பிலிருந்து மெல்லிய வெள்ளை இழைகள் நீண்டு வரும். கீழ்ப்பாதி அந்த இழைகளில் தொங்கிக்கொண்டு நிற்கும். அதோடு இலைகள் எதிரெதிராக அமைந்து, நரம்புகள் இலை விளிம்பை ஒட்டி வளைந்து நுனியை நோக்கிப் போனால் சந்தேகமே வேண்டாம். கார்னஸ் அமோமம் என்ற இன்னொரு டாக்வுட்டும் பார்க்க இப்படித்தான் இருக்கும். குச்சியை வெட்டிப் பார்த்தால் அதன் உட்சோறு, அதாவது நடுவில் இருக்கும் மென்மையான பகுதி, பழுப்பாக இருக்கும். செரிசியாவுக்கு வெள்ளை.

குளிர் இல்லாத ஊரில் இதை வைத்து ஏமாற வேண்டாம். அமெரிக்க வேளாண் துறையின் குளிர் மண்டலக் கணக்கில் 3 முதல் 7 வரை இதற்கு உகந்தது. மண்டலம் 3 என்றால் குளிர்காலத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸ் வரை இறங்கக்கூடிய இடம். அதையும் இது தாங்கும். மரச்செடிகள் உறைபனியை எப்படித் தாங்குகின்றன என்பதை ஆராய்ந்தவர்கள் அதிகமாகப் பயன்படுத்திய செடிகளில் இதுவும் ஒன்று. பகல் குறையும்போது முதல் கட்டமாகவும், முதல் உறைபனி பட்டதும் இரண்டாம் கட்டமாகவும் தன்னை இறுக்கிக்கொள்கிறது. அப்படி முழுதாகப் பக்குவப்பட்ட குச்சிகள் ஆய்வுக்கூடத்தில் திரவ நைட்ரஜனின் வெப்பநிலையான மைனஸ் 196 டிகிரியைக்கூடத் தாங்கியிருக்கின்றன. வெப்பமும் புழுக்கமும் நிறைந்த கோடைதான் இதன் எதிரி.

இடம் பார்த்தது

எங்கே நன்றாக வளரும் என்று பார்ப்பதைவிட, எங்கிருந்து பார்க்கப்போகிறோம் என்று யோசிப்பது முக்கியம். குளிர்காலத்தில் யாரும் தோட்டத்தில் உலாவிக்கொண்டிருப்பதில்லை. சமையலறை ஜன்னல், சாப்பாட்டு மேசை, வாசல் வழி, இந்த இடங்களிலிருந்து கண் எங்கே போகிறதோ அங்கேதான் புதர் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜன்னலாக நின்று பார்த்து, தோட்டத்தில் குச்சி நட்டு அடையாளம் வைத்துவிட்டுத்தான் மண்வெட்டியை எடுத்தேன்.

அடுத்து வெளிச்சம். வட அரைக்கோளத்தில் குளிர்காலச் சூரியன் தெற்குப் பக்கமாகத் தாழ்ந்தே போகும். வீட்டுக்கு வடக்கே இருக்கும் புதரை ஜன்னல் வழியே பார்த்தால் வெயில் நேராகக் குச்சிகள் மேல் விழுந்து சிவப்பை எடுத்துக்காட்டும். ஆனால் வீட்டின் நிழலைக் கணக்கில் எடுக்க வேண்டும். 45 பாகை அட்சரேகையில் டிசம்பர் 21 அன்று நண்பகலில்கூடச் சூரியன் 21.5 பாகை உயரத்தில்தான் நிற்கும். 6 மீட்டர் உயரமுள்ள வீட்டின் நிழல் 15 மீட்டர் வரை நீளும். புதர் அதற்கு அப்பால் இருந்தால்தான் பயன். அவ்வளவு இடம் இல்லாதவர்கள் கிழக்கு அல்லது மேற்குப் பக்கம் வைக்கலாம். தெற்குப் பக்கம் வைத்தால் வெயில் புதருக்குப் பின்னாலிருந்து வரும். நண்பகலில் குச்சிகள் கருப்பாகத்தான் தெரியும்.

பின்னணியும் முக்கியம். கரும்பச்சையான ஸ்ப்ரூஸ், யூ மாதிரி என்றும் பசுமையான மரங்கள் பின்னால் இருந்தால் சிவப்பு துள்ளி எழும். வெளிர் நிறச் சுவர், வேலி என்றாலும் நல்லது. செங்கல் சுவருக்கு முன்னால் மட்டும் வைக்காதீர்கள், நிறம் சுவரோடு கரைந்துவிடும்.

என் தோட்டத்தில் கூரைத் தண்ணீர் வந்து சேரும் தாழ்வான மூலை ஒன்று உண்டு. களிமண். வசந்தத்தில் வாரக்கணக்கில் சதசதவென்று இருக்கும். புல் அங்கே பிழைக்காது. ஆற்றங்கரைச் செடிக்கு இது பெரிய விஷயமே இல்லை. கரை அரிப்பைத் தடுக்க ஓடைக்கரைகளில் இதன் உயிர்க்குச்சிகளையே வரிசையாக அடித்துவைப்பார்கள்; வேர் விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அந்த மூலைக்கு வேறு எதை யோசித்தாலும் மண்ணை மாற்ற வேண்டும், வடிகால் போட வேண்டும் என்று வேலை நீண்டது. டாக்வுட்டுக்கு ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. ஈரத்தோடு நாளில் ஆறு மணி நேரமாவது வெயிலும் கிடைத்தது. அரை நிழலிலும் இது வளரும், ஆனால் குச்சியின் நிறம் மங்கும்.

ரகம்

கடைசியில் வளரும் உயரத்தை வைத்துத்தான் முடிவெடுத்தேன். மூன்று ‘கார்டினல்’, ஒரு ‘ஃப்ளாவிரமியா’. கார்டினல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தேர்ந்தெடுத்து வெளியிட்ட செரிசியா ரகம். பளீரென்ற சிவப்பு. விட்டால் எட்டடிக்கு மேல் போகும், அதே அளவு அகலமும் விரியும். ஃப்ளாவிரமியாவுக்குக் குச்சி மஞ்சள். சிவப்புக்கு முன்னால் நின்றால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக்காட்டும்.

இடம் குறைவாக உள்ளவர்கள் ‘ஆர்க்டிக் ஃபயர்’ பார்க்கலாம், மூன்று முதல் ஐந்து அடிக்குள் நின்றுவிடும். ‘கெல்சியை’ இரண்டரை அடிதான் வளரும் என்பதால் பலரும் ஆசைப்படுவார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. சிவப்பு நுனியில்தான் இருக்கும், இலைப்புள்ளி நோயும் சீக்கிரம் பிடிக்கும். ஆல்பாவில் ‘சிபிரிகா’ பவளச் சிவப்பு. கோடையிலும் பார்க்க ஏதாவது வேண்டும் என்றால் ‘ஐவரி ஹேலோ’ போல இலையோரம் வெள்ளையாக இருக்கும் ரகம் நல்லது. எதுவானாலும் ஒற்றைச் செடியாக வைக்காமல் மூன்றாகச் சேர்த்து வையுங்கள். ஒரு புதரின் குச்சிகள் தூரத்திலிருந்து கோடுகளாகத்தான் தெரியும், மூன்று சேர்ந்தால்தான் நிறமாகத் தெரியும்.

நட்டது

இலையுதிர்காலத் தொடக்கத்தில் நட்டேன். மண் இன்னும் சூடாக இருக்கும், மேலே வளர்ச்சி நின்றிருக்கும், செடி முழு பலத்தையும் வேருக்குக் கொடுக்கும். வசந்தத்திலும் நடலாம், கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு அதிகம், அவ்வளவுதான்.

குழி வேர்ப்பந்தின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு, ஆழம் வேர்ப்பந்தின் ஆழமே. தொட்டியில் வளர்ந்த செடி என்பதால் வேர்கள் சுற்றிச் சுற்றி வந்திருந்தன. கத்தியால் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக நான்கு கீறல் போட்டு, அடியில் பின்னிக்கிடந்ததை விரலால் பிரித்துவிட்டேன். களிமண்ணில் மண்வெட்டி பட்ட குழிச்சுவர் வழவழப்பாக இறுகிவிடும். வேர் அதைத் துளைக்கச் சிரமப்படும். அதைக் கொத்தாணியால் அங்கங்கே கொத்தி முரடாக்கினேன். தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு மூடினேன். குழிக்குள் உரம் போடவில்லை. மேலே மட்டும் தொழு உரம் ஒரு படலம், அதன் மேல் மரச்சில்லு மூடாக்கு மூன்று அங்குலம், தண்டைத் தொடாமல்.

கார்டினல்களுக்கு இடையே ஆறடி விட்டேன். நடும்போது செடிகள் முழங்கால் உயரம்கூட இல்லை, இடைவெளி ரொம்ப அதிகமாகத் தெரிந்தது. அந்த வெற்றிடத்தில் வசந்தக் கிழங்குப் பூச்செடிகளை வைத்தேன். டாக்வுட் இலை விடுவதற்குள் அவை பூத்து முடிந்துவிடும். சிவப்புக் குச்சிகளின் அடியில் வெள்ளை ஸ்னோடிராப் பூப்பது எனக்குப் பிடித்த காட்சி.

முதல் இரண்டு வருஷம் வேலை என்று பார்த்தால் தண்ணீர்தான். ஈரத்தை விரும்பும் செடி என்பதால் வேர் பிடிக்கும் வரை காயவிடக் கூடாது. மழை இல்லாத வாரங்களில் ஒரு முறை ஆழமாக ஊற்றினேன். வறட்சியில் வாடிய புதரைத்தான் தண்டுச் சொறி நோய் முதலில் பிடிக்கும். இந்த இரண்டு வருஷமும் கத்தரியை எடுக்கவில்லை; உடைந்த குச்சிகளை நீக்கியதோடு சரி.

மூன்று புதர், மூன்று விதக் கவாத்து

வெட்டுவதற்கு முன் நிறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இலையுதிர்காலத்தில் பட்டையின் மேலடுக்கில் ஆந்தோசயனின் என்ற நிறமி சேர்கிறது. அதற்கு வெயிலும் குளிரும் வேண்டும். ஒரு குச்சியைக் கையில் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். வெயில் பட்ட பக்கம் அடர் சிவப்பாகவும், உள்ளே புதரை நோக்கிய பக்கம் பச்சை கலந்தும் இருக்கும். கோடையில் முழுக் குச்சியும் பச்சை கலந்து மங்கலாகத்தான் இருக்கும். இலை விழுந்த பிறகு நாளுக்கு நாள் ஏறி, குளிர்காலக் கடைசியில்தான் உச்சத்துக்கு வரும்.

இலைகளும் சிவந்துதான் விழும். இதைப் பற்றி ஃபீல்ட், லீ, ஹோல்புரூக் மூவரும் 2001-இல் ‘பிளான்ட் பிசியாலஜி’ இதழில் எழுதிய ஆய்வு இந்தச் செடியின் இலைகளை வைத்துத்தான் நடந்தது. வயதாகும் இலையை அதிக வெளிச்சம் சேதப்படுத்தாமல் அந்தச் சிவப்பு ஒரு திரையாக நின்று காக்கிறது என்பது அவர்கள் கண்டது. வலுவான நீல ஒளியைக் கொடுத்தபோது சிவந்த இலைகள் மீண்டன, மஞ்சள் இலைகள் மீளவில்லை. எனக்கு இந்த விஷயம் மிகவும் பிடித்துப்போனது.

சரி, பட்டைக்கு வருவோம். இந்த நிறம் ஒரு வயது, இரண்டு வயதுக் குச்சிகளில்தான் முழுதாக இருக்கும். மூன்றாவது வருஷத்துக்குப் பிறகு பட்டையில் தக்கை மாதிரி அடுக்கு கூடிக்கொண்டே போய், பழுப்பும் சாம்பலுமாகச் சொரசொரப்பாகிவிடும். ஒரு முறை சாம்பலான தண்டு மறுபடி சிவக்காது. ஆகவே புதரில் எப்போதும் இளங்குச்சிகள் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் கவாத்தின் ஒரே நோக்கம்.

மூன்று கார்டினல்களும் ஒரே நாளில் நட்டவை, ஒரே மண், ஒரே வெயில். எந்த முறை நல்லது என்று கண்ணால் பார்க்க இதைவிட வசதி கிடைக்காது. வேர் நன்றாகப் பிடித்த மூன்றாவது குளிர்காலம் முடியும் சமயம் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக விட்டேன்.

முதல் புதரை மறுதாம்புக்கு விடுவது போலத் தரையோடு வெட்டினேன். எல்லாத் தண்டும் மூன்று அங்குலம் மட்டும் விட்டு. வெட்டி முடித்தபோது அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வசந்தம் வந்ததும் அடிக்கட்டையிலிருந்து துளிர் கிளம்பிற்று. முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக. கோடை முடிவதற்குள் என் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டது. அத்தனையும் கிளைக்காத நேர்க்குச்சிகள், இலைகள் வழக்கத்தைவிடப் பெரியவை. அந்தக் குளிர்காலத்தில் மூன்றில் இதுதான் கண்ணைப் பறித்தது. அடி முதல் நுனி வரை ஒரே சிவப்பு. ஆனால் அந்த வருஷம் பூ இல்லை, காயும் இல்லை. பூ வருவது பழைய குச்சியில்தான் என்பதால் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

இரண்டாவது புதரில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்தேன். மிகப் பழையவை, மிகத் தடித்தவை, மங்கியவை எவையோ அவற்றைத் தரையை ஒட்டி வெட்டினேன். மீதி அப்படியே. புதரின் உயரமும் உருவமும் குறையவில்லை. மே கடைசியில் வழக்கம்போலப் பூத்தது, கோடையில் வெள்ளைக் காய்கள் வந்தன, பறவைகள் வந்து தின்றன. அடியிலிருந்து புதுக்குச்சிகளும் நிறைய வந்தன. சிவப்பு முதல் புதர் அளவுக்கு அடர்த்தி இல்லை, ஆனால் வருஷம் முழுக்கப் பார்க்க ஏதாவது இருந்தது.

மூன்றாவதை வெட்டாமல் விட்டேன். அடுத்த குளிர்காலத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. இடுப்புக்குக் கீழே பழுப்பு, சிவப்பெல்லாம் கண் மட்டத்துக்கு மேலே நுனிகளில். உள்ளே வெளிச்சம் போகாததால் அடியில் புதுத் துளிர் குறைவு. வெளிப்பக்கக் கிளைகள் சாய்ந்து தரையைத் தொட ஆரம்பித்துவிட்டன.

என் முடிவு இது. வீட்டுத் தோட்டத்தில் ஒன்றிரண்டு புதர் மட்டும் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு முறைதான் சிறந்தது. பூ, பறவை, நிறம் மூன்றும் கிடைக்கும். ஒரு வருஷமும் வெற்றிடம் தெரியாது. இடம் குறைவு, புதர் கட்டுக்குள் இருக்க வேண்டும், குளிர்கால நிறம் ஒன்றே போதும் என்பவர்கள் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை தரையோடு வெட்டலாம். வருஷா வருஷம் அப்படி வெட்டினால் வேருக்குச் சேமிப்பு குறைந்து புதர் பலவீனமாகும். வரிசையாகப் பல புதர்கள் இருந்தால் ஒவ்வொரு வருஷமும் ஒன்றை முறை வைத்து வெட்டுவது அருமையான ஏற்பாடு.

எந்தத் தண்டை எடுப்பது என்று வெட்டும் நாளில் யோசிக்காதீர்கள். நடுக் குளிர்காலத்தில், நிறம் உச்சத்தில் இருக்கும்போது, மங்கலாகத் தெரியும் தண்டுகளில் ஒரு கயிற்றுத் துண்டைக் கட்டிவைத்துவிடுங்கள். வெட்டும் சமயம் குளிர்காலக் கடைசி, மொட்டு பருக்கும் முன். இலையுதிர்காலத்திலேயே வெட்டினால் எதற்காக இந்தச் செடியை வைத்தோமோ அதையே வெட்டி எறிந்ததாகும். விரல் தடிமன் வரை கவாத்துக் கத்தரி போதும், அதற்கு மேல் நீளக் கைப்பிடி லாப்பர். தூரில் நெருக்கமாக நிற்கும் பழந்தண்டுகளுக்குச் சின்ன மடக்கு ரம்பம்தான் நுழையும். எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ வெட்ட வேண்டும். ஓரடி கட்டை விட்டால் அதன் தலையில் கொத்தாகத் துளிர்த்துப் புதர் அலங்கோலமாகும்.

ஒன்று மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்: வேலிச்செடி வெட்டும் மின்கத்தரியால் மேலே உருண்டையாகச் சீவுவது. நுனிகள் ஒவ்வொன்றும் நாலாகக் கிளைத்து மேலே அடர்ந்த கூடாகும், உள்ளே வெயில் போகாது, அடித்தண்டுகள் அத்தனையும் சாம்பலாகும். தெருவோரங்களில் இப்படிச் சீவப்பட்ட டாக்வுட்டைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். அதைக் காப்பாற்றவும் வழி இருக்கிறது. தரையோடு வெட்டிவிட்டால் போதும், வேர் நன்றாக இருந்தால் ஒரே கோடையில் புதிதாக எழுந்துவிடும்.

வெட்டிய பிறகு மட்கு ஒரு கூடை, மூடாக்கைப் புதுப்பிப்பது, வறண்டால் தண்ணீர். தழைச்சத்து உரம் அதிகம் போட்டால் குச்சிகள் மெலிந்து நீண்டு சாயும்; நான் போடுவதில்லை.

புழு, முயல், மான்

கோடை நடுவில் இலைகளின் நடு நரம்பு மட்டும் மிஞ்சியிருப்பதைக் கண்டால் இலையைத் திருப்பிப் பாருங்கள். மாவு பூசியது போல வெள்ளையாக, சுருண்டு கிடக்கும் புழுக்கள் இருந்தால் அது டாக்வுட் ரம்ப ஈயின் புழு. பறவை எச்சம் என்று நினைத்துக் கடந்துபோகவும் வாய்ப்புண்டு. முதிரும்போது வெள்ளைப் பூச்சு போய் மஞ்சள் உடலில் கருப்புப் புள்ளிகள் தெரியும். இது பட்டாம்பூச்சி இனத்தின் புழு இல்லை, அதனால் பி.டி. (Bt) என்று விற்கும் பாக்டீரியா மருந்து இதன்மேல் வேலை செய்யாது. வித்தியாசம் தெரிய வயிற்றுப்பக்கம் பாருங்கள். உண்மைக் கால்களுக்குப் பின்னால் உள்ள சதைக்கால்கள் ஆறு ஜோடியோ அதற்கு மேலோ இருந்தால் ரம்ப ஈ. பட்டாம்பூச்சிப் புழுவுக்கு ஐந்து ஜோடிக்கு மேல் இருக்காது. சோப்புத் தண்ணீர் வாளியில் தட்டிவிடுவதே எனக்குப் போதுமாக இருந்தது. வருஷத்துக்கு ஒரு தலைமுறைதான். குளிர்காலத்தை உளுத்த மரத்துக்குள் கழிக்கும் என்பதால் புதருக்குப் பக்கத்தில் அழுகும் கட்டைகளைப் போட்டுவைக்காமல் இருப்பது நல்லது.

மழை அதிகமான கோடையில் இலைகளில் ஊதா நிறப் புள்ளிகள் வரும். விழுந்த இலைகளைக் கூட்டி அகற்றுவதும், கவாத்தால் உள்ளே காற்று போக விடுவதுமே வைத்தியம். தண்டில் குழிந்து கறுத்த திட்டு தெரிந்தால் அதற்கு ஆறு அங்குலம் கீழே நல்ல பகுதியில் வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். பழந்தண்டில் சிப்பி மாதிரிச் செதில் பூச்சி ஒட்டியிருந்தால் அந்தத் தண்டையே எடுத்துவிடுங்கள். பழையதை எப்படியும் எடுக்கத்தானே போகிறோம்.

குளிர்காலத்தில் சேதம் செய்வது விலங்குகள். வெட்டைப் பார்த்தே யார் என்று சொல்லிவிடலாம். கத்தியால் சீவியது போலச் சாய்வாக, சுத்தமாக இருந்தால் முயல். கிழிந்து நார் தொங்கினால் மான். அதற்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லாததால் கடித்து இழுத்துத்தான் பிய்க்கும். இளம் செடிகளுக்கு மூன்றடி உயரக் கோழிவலையை வளையமாகச் சுற்றிவிட்டேன். பனி உயர உயர முயலின் வாயும் உயரும் என்பதை நினைவில் வைத்து வலையை வெட்ட வேண்டும்.

போத்தும் பதியனும்

இந்தச் செடியை ஒரு முறை வாங்கினால் போதும். கவாத்தில் விழுந்த குச்சிகளே அடுத்த செடிகள். முருங்கைப் போத்து ஊன்றுவது போலத்தான், அளவு மட்டும் சின்னது. போன வருஷக் குச்சியில் பென்சில் தடிமன் பகுதியை எட்டு முதல் பத்து அங்குலத் துண்டுகளாக வெட்டினேன். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக, மேல்பக்கம் மொட்டுக்கு மேலே சாய்வாக. இப்படி வெட்டினால் எது தலை எது கால் என்று குழப்பம் வராது; தலைகீழாக ஊன்றியது சரியாக வேர் பிடிக்காது. மண் உறைந்திருந்ததால் துண்டுகளை ஈர மணலில் புதைத்து, சூடில்லாத கொட்டகையில் வைத்திருந்து, மண் இளகியதும் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போகும்படி ஊன்றினேன். ஹார்மோன் பொடி தொட்டதும் தொடாததும் ஒரே மாதிரிதான் பிடித்தன, இனி அதற்குச் செலவு செய்ய மாட்டேன்.

துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டது என்று பிடுங்கிப் பார்க்கக் கூடாது. குச்சியில் இருக்கும் சேமிப்பிலேயே முதல் இலைகள் வந்துவிடும். வேர் அதற்குப் பிறகுதான். ஈரம் குறையாமல் பார்த்து, இலையுதிர்காலத்தில் இடம் மாற்றுவதுதான் சரி.

பதியன் இன்னும் சுலபம், பல நேரம் செடியே போட்டுக்கொள்ளும். வெட்டாமல் விட்ட மூன்றாவது புதரில் தரையைத் தொட்ட கிளைகள் தானாகவே வேர் விட்டிருந்தன. காட்டில் இது பரவுவதே இப்படித்தான். தோட்டத்தில் பரவல் வேண்டாம் என்றால் வசந்தத்தில் புதரைச் சுற்றி மண்வெட்டியை நேராக இறக்கி ஒரு வட்டம் வெட்டிவிட்டு, வெளியே கிளம்பியதைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். வேண்டும் என்றால் தாய்த்தண்டிலிருந்து துண்டித்து, ஒரு பருவம் அங்கேயே விட்டு, பிறகு பெயர்க்கலாம்.

போத்துக்குப் போக மிஞ்சிய குச்சிகளையும் எறிவதில்லை. ஓராண்டுக் குச்சி நன்றாக வளையும். வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் இதில் கூடை பின்னியிருக்கிறார்கள். நான் பட்டாணிக் கொடி ஏறப் பந்தல் கட்டினேன். ஈரக்குச்சியைப் பந்தலுக்கு ஊன்றினால் அதுவும் வேர் விடும், அதனால் சில வாரம் காயவைத்து ஊன்ற வேண்டும். ஜாடியில் தண்ணீரில்லாமல் வைத்தால் நிறம் மெதுவாக மங்கினாலும் பல வாரம் நிற்கும். தண்ணீர் ஊற்றினால் துளிர்க்கும்.

மூன்றாவது கார்டினலையும் இப்போது மூன்றில் ஒரு பங்கு முறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஃப்ளாவிரமியா சிவப்பை மறைக்கும் அளவுக்கு உயர்ந்துவிட்டதால், மொட்டு பருக்கும் முன் அதைத் தரையோடு வெட்டப்போகிறேன்; இதுதான் அதற்கு முதல் முறை. பதியனில் வந்த மூன்று கன்றுகள் வேலி ஓரம் போகின்றன. அங்கே பின்னால் யூ இருக்கிறது, காலை வெயிலும் உண்டு. குழிக்கான இடத்தில் ஆறடி இடைவெளியில் குச்சி அடித்து வைத்திருக்கிறேன். கோழிவலையும் தயார்.